மகன்கள் அல்ல, பிள்ளைகள்: எங்கள் பன்மை டீச்சருக்கு விடைதரும் மடல்

சொல்லுக்குச் சொல் சோர்வின்றித் துணைநின்ற தோழமையே! தனித்தனியே தயங்கி வந்தோரைத் தளராத ஒரு வகுப்பாய்த் திரட்டி அனுப்பிய தகைமையே! இம்மொழிப் பயிற்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில், நடைவழியின் கோடியிலுள்ள குறுகிய அறையில், முப்பத்தோராண்டு காலம் ஸ்பானிய மொழியின் பெயர்ச்சொற்களைப் பெருக்கிப் பெருக்கிக் கரும்பலகையையே வெளுக்கச் செய்த அம்மையீர், வணக்கம்.

இம்மடலை எழுத நாங்கள் அனுமதி கேட்டபோது தாங்கள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தீர்கள். "மூஞ்சிக்கு நேரா புகழ்ந்தீங்கன்னா நான் பாதியில எழுந்து போயிடுவேன்" என்றீர்கள். இலக்கணம் கற்பிப்பவரிடமிருந்து இலக்கணத்தால்தான் தப்பிக்க முடியும். ஆகவே முன்னிலையை இந்த வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டு படர்க்கைக்குப் போகிறோம். இனி வருவது ஓர் ஆசிரியையைப் பற்றி அவையோருக்கு நாங்கள் சொல்வது. அவர் யாரென்று தெரிந்தாலும் தெரியாததுபோல் தாங்கள் அமர்ந்திருக்க வேண்டுகிறோம்.

அவையோரே, அந்த ஆசிரியையின் அறை ஜன்னலுக்குக் கீழே பேருந்து நிறுத்தம். பேருந்து வந்து உறுமும்போது அவர் பேச்சை நிறுத்துவார். அது போனபின் விட்ட அசையிலிருந்து தொடங்குவார். புது மாணவர்கள் முதல் நாள் சிரிப்பார்கள்; இரண்டாம் நாள் அவர்களும் அப்படியே நிறுத்தப் பழகியிருப்பார்கள். அங்கே வந்து அமர்ந்தவர்கள் பலதரப்பட்டவர்கள்: வெளிநாட்டு வேலைக்குக் காத்திருந்த செவிலியர்கள், கப்பல் சமையல்காரர்கள், பாலம் கட்டும் பொறியாளர்கள், ஓய்வுபெற்றபின் பொழுதுபோகாமல் வந்த ஒரு நீதிபதி. எல்லாரும் செய்த தவறு ஒன்றே. இரண்டு புத்தகம் என்பதற்கு அவர்கள் எல்லாரும் "தோஸ் லிப்ரோ" என்றார்கள்.

"நம்ம பேச்சுல ரெண்டுன்னு சொல்லிட்டா போதும், புத்தகம் புத்தகமாவே கிடக்கும்" என்பார் அவர். "அங்க அப்படி விட மாட்டாங்க. ரெண்டுன்னு சொன்னாலும் புத்தகத்துக்கு ஒரு வால் ஒட்டணும். லிப்ரோ, லிப்ரோஸ்."

உயிரொலியில் முடியும் சொல்லுக்கு ஓர் 'எஸ்' போதும். மெய்யொலியில் முடிந்தால் நடுவே 'எ' ஒன்றைத் தாங்குகட்டையாகக் கொடுக்க வேண்டும். பூ என்று பொருள்படும் ஃப்ளோர், ஃப்ளோரெஸ் ஆகும். விளக்கு என்னும் லூஸ், லூசெஸ் ஆகும்போது அதன் கடைசி 'இசட்' எழுத்து சத்தம் போடாமல் 'சி' ஆகிவிடும். பெயரோடு முடிவதுமில்லை, முன்னால் நிற்கும் சுட்டும், பின்னால் வரும் 'நல்ல', 'பெரிய' என்பனவும் பன்மையாக வேண்டும். "வீட்டுல ஒருத்தருக்குச் சளி பிடிச்சா எல்லாரும் தும்முற மாதிரி" என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, பக்கத்து அறையில் ஜப்பானிய மொழி நடத்துபவரே ஸ்பானியப் பன்மையில் தேர்ச்சி பெற்றுவிட்டார். குடை என்பதற்கான பராகுவாஸ் மட்டும் ஒன்றானாலும் பத்தானாலும் மாறாது. "குடையைப் பார்த்துத் தெரியாது, அதுக்கு முன்னால யார் நிக்கிறாங்கன்னு பாருங்க" என்பார். இப்படித்தான் அவருக்குப் பன்மை டீச்சர் என்று பெயர் வந்தது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

புகழ்வதானால் இதோடு நிறுத்திக்கொண்டு ஆண்டுகளையும் தேர்ச்சி விழுக்காட்டையும் அடுக்கியிருக்கலாம். நாங்கள் சொல்ல விரும்புவது வேறு. ஒரு மழைக்காலப் பிற்பகலில் நடந்தது. அவர் வாயால் கொஞ்சமும், அன்று உடனிருந்த செவிலியர் வாயால் மிச்சமும் கேட்டு எழுதுகிறோம். அந்தச் செவிலியர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். எங்கே தவறினாலும் திருத்துவார்.

அப்போது கைப்பேசி மொழிபெயர்க்கும் காலம் வரவில்லை. புதிய வகுப்புக்குப் பன்மைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அலுவலகத்திலிருந்து டீச்சருக்குத் தொலைபேசி என்று அழைப்பு வந்தது. பேசியவர் அரசு மருத்துவமனையில் ஆண் செவிலியர். காலை வகுப்பில் அவரிடம் படிக்கச் சேர்ந்து சில வாரங்களே ஆனவர்.

"டீச்சர், மலைப்பாதையில ஒரு சுற்றுலா பஸ் கவிழ்ந்துடுச்சு. இங்க ஒரு அம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் வருது. எனக்கு நாலு வார்த்தைக்கு மேல வரல. நீங்க வந்தா நல்லா இருக்கும்."

அப்போதைய நிலைய இயக்குநர் கண்டிப்பானவர். மறுநாள் தேர்வு இருந்தது.

"பரீட்சையை வெச்சுக்கிட்டு வகுப்பை விட்டுட்டுப் போறேங்கிறீங்களே, டீச்சர்" என்றார்.

"பரீட்சை எழுதறவங்க எங்கேயும் போயிட மாட்டாங்க, சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் மாடியிறங்கினார். குடையை வகுப்பிலேயே மறந்துவிட்டது பாதி வழியில்தான் அவருக்குத் தெரிந்தது.

மருத்துவமனை நடைவழி முழுக்கச் சேற்றுக் காலடிகள். கழற்றிப்போட்ட ஈரச் சட்டைகளை ஒரு பெண் மூலையில் குவித்துக்கொண்டிருந்தாள். நனைந்துபோய் நின்றவருக்குச் செவிலியர் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, நடந்துகொண்டே நிலவரத்தைச் சொன்னார்.

"தாடையிலயும் விலாவிலயும் அடி. நினைவு வந்து வந்து போகுது. தோஸ் ஈஹோஸ், தோஸ் ஈஹோஸ்னு ரெண்டு விரலைக் காட்டினாங்க. ரெண்டு மகன்கள்னு இன்ஸ்பெக்டர் சார்கிட்ட சொன்னேன். நல்லவேளை, மேல் மாடியில குழந்தைங்க வார்டுல வெளிநாட்டுப் பையன்கள் ரெண்டு பேரு இருக்காங்க. பெரியவன் இன்னும் கண்ணு முழிக்கல, சின்னவனுக்கு நாலு வயசு இருக்கும், பயத்துல வாயே திறக்கல. ஆனா ரெண்டு பேரும் பிழைச்சுப்பாங்க. அதை மட்டும் இவங்ககிட்ட சொல்லிட்டீங்கன்னா அழுகை நிக்கும் டீச்சர். டாக்டர் தூக்க ஊசி போடணும்னு நிக்கிறார்."

வார்டு வாசலில் காவல் ஆய்வாளர் தொப்பியிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டிருந்தார். தேடுதல் முடிந்துவிட்டது என்றார். பயணிகள் பட்டியலில் பெரியவர்கள் மட்டுமே இருந்தார்கள். குழந்தைகளின் எண்ணிக்கை தாய்தந்தையர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

"இந்த அம்மாவோட ரெண்டு பேரும் கிடைச்சதுல ஆள் கணக்கு நேராயிடுச்சு மேடம். மழை வேற ஊத்துது. ஆளுங்களைக் கீழ வரச் சொல்லிட்டேன். பஸ்ஸை நாளைக்குத் தூக்கிக்கலாம்."

டீச்சர் கட்டிலருகே போய் ஸ்பானிய மொழியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்த அந்தப் பெண், சொந்த மொழி காதில் விழுந்ததும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. டாக்டர் ஊசியோடு நின்றார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: உங்கள் மகன்கள் நலம். டீச்சர் தொடங்கினார். "ஸுஸ் ஈஹோஸ்" என்று இரண்டு சொல் வந்தது. மூன்றாவது வரவில்லை.

"கீழ பஸ் வந்தா நிறுத்துவேனே, அப்படி நின்னுடுச்சு" என்று பிற்பாடு ஒருமுறை எங்களிடம் சொன்னார்.

அவை அறிய இந்த இடத்தில் கொஞ்சம் இலக்கணம் சொல்லியாக வேண்டும். ஈஹோ என்றால் மகன். ஈஹா என்றால் மகள். மகன்கள் இருவர் என்றால் ஈஹோஸ். மகள்கள் இருவர் என்றால் ஈஹாஸ். ஒரு மகனும் ஒரு மகளும் என்றால் அதுவும் ஈஹோஸ்தான். ஒன்பது மகள்களுக்கு நடுவே ஒரே ஒரு மகன் நின்றாலும் அந்த ஒருவனுக்காக மொத்தக் கூட்டமும் ஈஹோஸ் ஆகிவிடும். அந்த வாக்கியத்தை டீச்சர் முழுதாகச் சொல்லியிருந்தால், அவர் இரண்டு பையன்களை நினைத்துச் சொல்லியிருப்பார். அவளோ தன் பிள்ளைகள் யாரோ அவர்களை நினைத்துக் கேட்டிருப்பாள். இருவரில் எவரும் பொய் பேசியிருக்க மாட்டார்கள். அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

டீச்சர் வாக்கியத்தை மாற்றினார். மூத்தது என்ன பிள்ளை, இளையது என்ன பிள்ளை என்று கேட்டார்.

கட்டுக்குள்ளிருந்து பதில் துண்டு துண்டாக வந்தது. மூத்தவள் பெண், ஏழு வயது. இளையவன் பையன், நாலு வயது. சொல்லி முடித்ததும் அந்தத் தாயின் கண்கள் டீச்சரின் முகத்திலேயே நின்றன. இதை ஏன் இப்போது கேட்கிறாய் என்று அவை கேட்டன.

"பையன் மேல் மாடியில் இருக்கிறான், நலமாக இருக்கிறான்" என்றார் டீச்சர். "பெண்ணைக் கூட்டிவர ஆள் போகிறார்கள்."

ஆள் போகப் போகிறார்களா என்று அப்போது அவருக்கே தெரியாது. மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சார், தேடறதை நிறுத்தாதீங்க. இவங்களுக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. பொண்ணு இங்க இல்ல."

ஆய்வாளர் நம்பவில்லை. "ரெண்டுன்னு அவங்களே சொன்னாங்களே மேடம். ரெண்டு பேரு கிடைச்சாச்சு. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"கணக்கு சரி சார். பிள்ளைதான் மாறிப்போச்சு. மேல இருக்கிற பெரிய பையன் வேற யாரோட பையனோ."

"ஈஹோஸ்னா மகன்கள்னு இந்தத் தம்பிதானே சொன்னாரு?"

செவிலியரின் முகம் வெளுத்துவிட்டது. டீச்சர் அவர் பக்கம் திரும்பவில்லை. "சார், உங்க வீட்டுல எத்தனை பிள்ளைங்க?" என்று ஆய்வாளரைக் கேட்டார்.

"ரெண்டு. ஒரு பையன், ஒரு பொண்ணு."

"வீட்டுக்குப் போனதும் என்ன கேப்பீங்க?"

ஆய்வாளர் வாய் திறந்தார். "பசங்க எங்கே" என்றுதான் எந்த வீட்டிலும் கேட்பது. அதைச் சொல்லி முடிக்குமுன்பே அவர் கை கம்பியில்லாக் கருவிக்குப் போய்விட்டது.

ஜீப்பில் டீச்சரும் ஏறிக்கொண்டார். வர வேண்டாம் என்றதற்கு, "அந்தப் பொண்ணுக்கு உங்க பேச்சு புரியாது சார்" என்றார். ஏறுமுன் மருத்துவமனைத் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசினார். கணவர் அச்சகத்தில் எந்திரம் ஓட்டுபவர். இரைச்சலிலேயே வாழ்ந்தவராதலால் தொலைபேசியிலும் கத்தித்தான் பேசுவார். பசங்க வந்துட்டாங்க, பாத்து வா என்று அவர் கத்தியது பக்கத்திலிருந்த செவிலியருக்கே கேட்டது. அந்த வீட்டில் பசங்க என்பது ஒரு மகளும் ஒரு மகனும்.

பேருந்து கவிழ்ந்த வளைவில் வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. பேருந்து சாலைக்குக் கீழே பக்கவாட்டில் கிடந்தது. அதைச் சுற்றித் தேடிய ஆட்கள் பகல் முழுக்கக் குரல் கொடுத்துப் பார்த்தவர்கள்தாம். ஏழு வயதுப் பெண், புரியாத மொழியில் முரட்டுக் குரல்கள் கத்தக் கத்த இன்னும் உள்ளே ஒடுங்கியிருக்கிறாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. டீச்சர் ஒலிபெருக்கியை வாங்கி வகுப்பில் பேசுவதுபோல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, ஸ்பானிய மொழியில் சொன்னார்: உன் அம்மா மருத்துவமனையில் இருக்கிறாள். தம்பியும் இருக்கிறான். உன்னைக் கேட்கிறார்கள். எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல்.

சொல்லிவிட்டு நிறுத்தினார். மழையைத் தவிர ஒன்றுமில்லை. மீண்டும் சொன்னார். மீண்டும் நிறுத்தினார். அடுத்த முறை எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றபோது, அவர்கள் காலடியிலிருந்தே சத்தம் வந்தது. சாலைக்கு அடியில் மழைநீர் வடியும் சிமெண்டுக் குழாயில் அவள் இருந்தாள். உடைந்த காலை இழுத்துக்கொண்டு மழைக்கு ஒதுங்கியிருக்கிறாள். உள்ளே ஊர்ந்துபோன தீயணைப்புக்காரர் அவளோடு வெளியே வந்தபோது, குழாயில் தண்ணீர் அவள் இடுப்புவரை வந்துவிட்டது என்றார். விடியட்டும் என்று விட்டிருந்தால் என்று யாரோ ஆரம்பித்தார்கள். ஆய்வாளர் அவரை முடிக்க விடவில்லை.

மருத்துவமனையில் தாயின் கட்டிலோடு ஒரு கட்டிலைச் சேர்த்துப் போட்டார்கள். நாலு வயதுத் தம்பி மேல் மாடியிலிருந்து இறக்கப்பட்டு, அக்காவைப் பார்த்த பின்புதான் வாய் திறந்தான். முதலில் கேட்டது தன் செருப்பைப் பற்றி. பெரிய பையனின் தந்தை வேறொரு மருத்துவமனையில் மயக்கம் தெளிந்து மகனைத் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் அவர்களும் சேர்ந்தார்கள்.

டீச்சர் மறுநாள் காலை தேர்வு நடத்தினார். குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தபோது, "இன்ஸ்பெக்டரைப் போய்ப் பாருங்க, மழையில நனைஞ்சது அவர்தான்" என்று அனுப்பிவிட்டார்.

ஆனால் செவிலியர் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். வாரங்கள் போயின. ஒருநாள் டீச்சரே மருத்துவமனை உணவகத்துக்குப் போய் அவர் எதிரே உட்கார்ந்தார். பேசியது இவ்வளவுதான் என்று செவிலியர் சொல்கிறார்.

"ஏன் வர்றதில்ல, தம்பி?"

"எனக்கு மொழி வராது டீச்சர். அரைகுறையாத் தெரிஞ்சதை வெச்சுக்கிட்டு ஒரு குழந்தையைக் கொன்னிருப்பேன்."

"நீங்க சொன்னது தப்பில்ல. நான் அதுவரைக்கும்தான் சொல்லிக்குடுத்திருந்தேன். மிச்சம் எட்டாவது பாடத்துல இருக்கு. அதுக்கு வராம நின்னுட்டீங்க."

டீச்சர் அவர் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தின்றார். "இன்னொண்ணு. உங்களுக்கு அந்த நாலு வார்த்தையும் தெரியாம இருந்திருந்தா என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டீங்க. நாளைக்கு வாங்க." மறுநாள் அவர் வந்தார்.

எட்டாவது பாடம் எட்டாவதாக இருப்பதைத்தான் டீச்சரால் அதன்பின் பொறுக்க முடியவில்லை. அச்சடித்த பாடநூலில் புத்தகம், மேசை, நாற்காலி என்று தொடங்கி உறவுப்பெயர்களின் பன்மைக்கு வர இரண்டு மாதமாகும். அதை முதல் நாளுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். இயக்குநர் மறுத்தார்.

"முதல் நாளே இதைப் போட்டுக் குழப்பினா, பாதிப் பேர் மறுநாள் வர மாட்டாங்க, டீச்சர்."

"வராதவங்களுக்கு நாற்காலிக்குப் பன்மை தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, சார்?"

இந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. பாடத்திட்டப்படி நடத்தவில்லை என்று விளக்கம் கேட்டார்கள், கொடுத்தார். ஊதிய உயர்வு ஒருமுறை தள்ளிப்போயிற்று, கேட்கவில்லை. ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் முதல் சொல்லாக ஈஹோஸ் என்று எழுதினார். காரணத்தை மாணவர்களுக்குச் சொன்னதே இல்லை. மாற்றம் கடைசியில் வேறு வழியாக வந்தது. அந்த இயக்குநருக்கு ஸ்பானிய மொழி பேசும் மருமகள் வாய்த்தாள். ஒரு காலை அவர் டீச்சரின் அறை வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"மருமக போன்ல புதுசா கத்துக்கிட்ட தமிழ்ல 'மாமனார்கள் சௌக்கியமா'ன்னு கேக்குறா டீச்சர். சம்சாரம் நேத்துல இருந்து கண்ணாடியில மீசையைத் தேடிக்கிட்டிருக்கா."

டீச்சர் சிரிக்கவில்லை. மாமனார் என்ற சொல்லின் பன்மையில் மாமியாரும் அடக்கம் என்று நிதானமாக விளக்கினார். "இதை முதல் நாள் சொல்லணும்னுதான் இவ்வளவு நாளா கேட்டுக்கிட்டிருக்கேன், சார்." அடுத்த பதிப்பில் எட்டாம் பாடம் முதல் பாடமாயிற்று. மறுநாள் வராமற்போன மாணவர் எவருமில்லை என்பதையும் கடமை கருதிப் பதிவு செய்கிறோம்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். கால் சேரும்வரை தாயும் பிள்ளைகளும் இங்கேதான் இருந்தார்கள். டீச்சர் வகுப்பு முடிந்ததும் மாலையில் போவார். சில நாள் தம் பிள்ளைகளையும் கூட்டிப்போவார். நாலு பேரும் ஒரு சொல்லும் பொதுவில் இல்லாமலே சண்டை போட்டார்கள், சமாதானமும் ஆனார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் கற்றிருந்த தமிழ்ச் சொல் ஒன்றே ஒன்று: பசங்க. டாக்டரையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

இனி முன்னிலைக்குத் திரும்புகிறோம். எழுந்து போக நேரமில்லை, அம்மையீர், முடிக்கப் போகிறோம்.

இந்த மடலுக்குச் சட்டம் போடுமுன் அலுவலகத்தில் ஒரு சச்சரவு நடந்தது. 'வாழ்த்துகள்' என்று எழுதுவதா, நடுவில் 'க்' போட்டு 'வாழ்த்துக்கள்' என்று எழுதுவதா என்று கணக்காளரும் நூலகரும் முகம் பார்க்காத அளவுக்குப் போய்விட்டது. தீர்ப்புக்குத் தங்களிடம் வர முடியாது, மடலே தங்களுக்குத்தான். ஜப்பானிய மொழி ஆசிரியர்தான் வழி சொன்னார். சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக் கேட்டு அவர் ஒன்றைக் கவனித்திருக்கிறார். ஸ்பானிய மொழியில் நன்றி என்பதற்கு மக்கள் வாயில் வழங்குவது கிராசியாஸ், அது பன்மை. பாராட்டுக்கு ஃபெலிசிதாதெஸ், அதுவும் பன்மை. காலை வணக்கம்கூட ஒரு நாளுக்கு அல்ல, நல்ல நாள்கள் என்று பல நாளுக்கும் சேர்த்தே சொல்லப்படுகிறது. கேட்பவர் ஒருவரேயானாலும், கொடுப்பதை அங்கே ஒற்றையாகக் கொடுப்பதில்லை.

ஆகவே தங்களுக்கு எங்கள் கிராசியாஸ். நோயணுகா உடலும், நொடிந்துபோகாத மனமும், பேருந்து உறுமாத ஜன்னலும், அச்சகத்திலிருந்து ஓய்வுபெற்று இப்போதும் கத்தியே பேசும் கணவரும், பிள்ளைகளும், பிள்ளைகளின் பிள்ளைகளும் சூழ, தாங்கள் காணப்போகும் காலைகள் யாவும் நல்ல நாள்களாகுக.

ஒருவர் விடாமல் கையொப்பமிட்டு,
மொழிப் பயிற்சி நிலையத்தின் ஆசிரியர்களும் அலுவலர்களும்